இறங்கிவிடும் கால்

அந்தச் சைக்கிளை நான் மூன்று முறை பிரித்து மாற்றிக் கட்டினேன். மூன்று முறையும் தப்பு சைக்கிளில் இல்லை. இதைச் சொல்லும்போதே எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

என் பெயர் தினேஸ்வரி. ஈப்போ புந்தோங்கில் வீட்டை ஒட்டியே ஒரு பட்டறை வைத்திருக்கிறேன். ஹோட்டல்களிலும் கொண்டோ மாடிவீடுகளிலும் இருக்கிற ஜிம் மெஷின்கள் கெட்டுப்போனால் என்னிடம்தான் வரும். 'பொம்பளை என்னத்த வெல்டிங் அடிச்சுக் கிழிக்கப் போறா' என்று கேட்டவர்கள் எல்லாம் இப்போது கொஞ்சம் சீக்கிரம் முடித்துக் கொடு என்று வாசலில் நிற்கிறார்கள். தற்பெருமைக்காகச் சொல்லவில்லை. ஒரு மெஷின் ஏன் மனிதனைக் காயப்படுத்துகிறது என்று கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. என் சொந்த வீட்டு வாசலில் அதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று மாதம் பிடித்தது.

காயப்பட்டவர் என் அப்பா மாயாண்டி. எழுபத்திரண்டு வயது. ஆயர் தாவார் பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பது வருஷம் பால்மரம் வெட்டினார், ரப்பர் பால் எடுக்கிற வேலை. ரப்பரை அழித்துச் செம்பனை நட்டார்கள், நாங்கள் இருந்த லயத்து வீடுகளை இடித்தார்கள், நாங்கள் மூட்டை கட்டிக்கொண்டு புந்தோங்குக்கு வந்தோம். அம்மா இறந்து ஆறு வருஷமாகிறது. அப்பாவுக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, உண்டு. போன வருஷம் லேசாகப் பக்கவாதமும் வந்து இடது காலின் பலத்தைப் பாதியாக்கிவிட்டுப் போனது.

டாக்டர் தெளிவாகச் சொன்னார். அந்தக் காலுக்கு ரத்தம் சரியாகப் போகவில்லை. தினமும் இருபது நிமிஷமாவது நிறுத்தாமல் அசைக்க வேண்டும். நடந்தால் பாதம் புண்ணாகும், அதனால் சைக்கிள் மிதிக்கட்டும். ஆனால் காயம் மட்டும் படக் கூடாது, பட்டால் ஆறாது. ஆறாத காயம் எங்கே போய் முடியும் என்று அவர் விளக்க வேண்டியதில்லை. எங்கள் தெருவிலேயே இரண்டு பேர் ஒற்றைக் காலோடு இருக்கிறார்கள்.

முதலில் பட்டறையில் கிடந்த ஒரு ஜிம் சைக்கிளைத் துடைத்து முன்கூடத்தில் போட்டேன். அப்பா ஐந்து நிமிஷம் மிதித்தார், இறங்கினார். "எங்கயும் போகாத சைக்கிள எதுக்கும்மா மிதிக்கணும்?" என்றார். எரிச்சலாக வந்தாலும் அவர் கேட்டது நியாயம். சுவரைப் பார்த்துக்கொண்டு மிதிக்க எனக்கே பிடிக்காது.

ஆகவே, போகவும் செய்கிற, போகாமல் நிற்கவும் செய்கிற ஒன்றை நானே வரைந்தேன். மூன்று சக்கரம், சாயாது. பின்னால் ஒரு மடக்குத் தாங்கி. நெம்புகோலை அழுத்தினால் பின்சக்கரங்கள் இரண்டும் தரையை விட்டு இரண்டு விரல் மேலே எழும்பும். மழை நாளில் வீட்டுக்குள் நின்ற இடத்திலேயே மிதிக்கலாம். நெம்புகோலை விட்டால் சக்கரம் தரையைத் தொடும், தெருவில் ஓட்டிக்கொண்டு போகலாம். கைப்பிடிக்குக் கீழே ஒரு திருகு. அதை இறுக்கினால் மிதிப்பது கனமாகும், தளர்த்தினால் லேசாகும்.

ஒன்றை மட்டும் வேண்டுமென்றே சாதாரண சைக்கிளிலிருந்து மாற்றினேன். மற்ற சைக்கிளில் காலை நிறுத்தினாலும் வண்டி ஓடும். என் வண்டியில் சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும். வலது கால் உதைக்கிற உதையில் பலமில்லாத இடது காலும் கூடவே போய்ச் சுற்றி வர வேண்டும், அதற்காக. அது நழுவாமல் இருக்க இடது பெடலில் ஒரு பட்டை வைத்தேன். நான்கு இரவும் ஐந்து ஞாயிற்றுக்கிழமையும் போனது. முடித்த அன்று எனக்கு நானே ஒரு தே தாரே டீ வாங்கிக் குடித்தேன்.

இரண்டாவது வாரம் அப்பா முழங்காலுக்குக் கீழே ரத்தக் கோட்டோடு வந்தார்.

"பெடல் வழுக்குது," என்றார்.

பெடலைச் சுற்றிப் பழைய டயர் ரப்பரை ஒட்டினேன். பத்து நாள் கழித்துக் குதிகாலில் தோல் உரிந்திருந்தது. "பட்டை இறுக்கமா இருக்கு," என்றார். பட்டையை எடுத்துவிட்டு, இழுத்தால் விடுகிற ஒட்டுப்பட்டை வைத்தேன். அடுத்த மாதம் சுண்டுவிரல் நகம் பெயர்ந்து வந்தது. "சீட்டு ஒசரம்." சீட்டுத் தண்டை அறுத்து, தாழ்த்தி, மறுபடி பற்றவைத்தேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பார்கள். இங்கே ஆடுகிறவர் என் அப்பா, கூடம் கட்டியவள் நான். அவர் கோணல் என்றதும் நான் சுத்தியலைத் தூக்கிக்கொண்டு கூடத்தை இடித்தேன். நம்பினேன். என் அப்பா ஒரு மெஷின் மேல் பொய்ப் பழி போடுவார் என்று நான் ஏன் நினைக்கப் போகிறேன்?

உண்மையைச் சொன்னது சக்கீனா அக்கா. தெரு முனையில் ரொட்டி சானாய்க் கடை வைத்திருப்பவர். ஒரு காலை பசியாற வாங்கப் போனபோது கல்லில் ரொட்டியைத் திருப்பிப் போட்டபடி சொன்னார்.

"தினேசு, ஒன்னு சொல்றேன், கோவிச்சுக்காதலா. அந்த வண்டிய மறுபடி பிரிக்காத. வண்டி நல்லாத்தான் இருக்கு."

"அப்பொறம் ஏன்க்கா விழுறாரு?"

"யாரு விழுந்தா? எறங்குறாருலா. வெள்ள சப்பாத்து போட்டுக்கிட்டு ஒரு பெரியவரு நடப்பாருல்ல, கைத்தடியோட? அவரப் பார்த்தா ஒன் அப்பா எறங்கிடுறாரு. வண்டி ஓடிக்கிட்டு இருக்கறப்பவே. தெனமும். ராஜாவே வந்தாக்கூட யாரும் இப்படி எறங்க மாட்டாங்க."

மறுநாள் காலை ஏழு மணிக்கு அவர் கடையின் பின்மேசையில் உட்கார்ந்துகொண்டேன். அப்பா தெருவில் இரண்டு சுற்று வந்தார். முதுகு நிமிர்ந்து, முகத்தில் காற்றுப்பட, பார்க்க நன்றாகவே இருந்தார். அப்போது கோயில் முனையில் அந்த வெள்ளைச் சப்பாத்து திரும்பியது. நான் யாரென்று பார்த்தேன். சதாசிவம். எங்கள் தோட்டத்துக் கிராணி, ஆட்களை மேய்த்த கணக்குப்பிள்ளை. பேர் எடுத்ததும், ஆள் விரட்டியதும், லயத்தில் யாருக்கு எந்த வீடு என்று சொன்னதும் அவர்தான். மேனேஜர் தொரையை நாங்கள் தூரத்தில்தான் பார்ப்போம், இவரைத் தினமும் பார்த்தாக வேண்டும். தோட்டம் போன பிறகு மகன் வாங்கிய வீட்டுக்கு, எங்களுக்குப் பின்தெருவுக்கு, வந்து சேர்ந்திருந்தார்.

அப்பா முப்பது அடி தூரத்தில் இருந்தார். சட்டென்று சீட்டிலிருந்து எழுந்தார். இடது காலைப் பட்டையிலிருந்து பிடுங்கினார். வண்டி நிற்கவில்லை, பெடலும் நிற்கவில்லை. அது சுற்றி வந்து கணுக்காலில் அடித்தது. அவர் முகம் சுளிக்கக்கூட இல்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஓரமாக ஒதுங்கி, தலைகுனிந்து நின்றார். கிராணி நடையைக் குறைக்காமல் கைத்தடியை ஒரு சாண் தூக்கிவிட்டுப் போனார். அவர் முனை திரும்பும்வரை என் அப்பா அப்படியே நின்றார். பிறகு மறுபடி ஏறினார். காலுறையில் ரத்தம் தெரிந்தது.

எனக்கு ஆறு வயதில் நடந்த ஒன்று அந்த இடத்தில் திரும்பி வந்தது. அப்பாவின் சைக்கிள் பின்கேரியரில் உட்கார்ந்து பள்ளிக்குப் போவேன். தோட்டத்து ஆபீஸ் ரோடு வந்ததும் அவர் இறங்குவார், என்னையும் தூக்கி இறக்குவார், இருவரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்போம். ஏன் என்று கேட்டேன். "தார் சூடும்மா, டயர் வெடிச்சிடும்" என்றார். காலை ஆறரை மணிக்குத் தார் சூடு! அதை நான் முப்பத்தைந்து வருஷமாக நம்பியிருக்கிறேன். அப்போதும் பழி சைக்கிள் மேல்தான்.

நடுத்தெருவில் கத்தினேன். யார் பார்க்கிறார்கள் என்று எனக்குக் கவலையில்லை.

"எதுக்குப்பா எறங்குனீங்க? சொல்லுங்க! யாரு அவரு இப்ப?"

அப்பா வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன். முன்கூடத்தில் உட்கார்ந்து காலைக் கழுவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"கிராணி வந்தா சைக்கிள்லேருந்து எறங்கணும். அதான் சட்டம். ஒரு தடவ நான் கவனிக்கல. நல்ல மழை, தலையக் குனிஞ்சு மிதிச்சிக்கிட்டுப் போயிட்டேன். மறுநாள் காலப் பெரட்டுல வரிசையா நிக்க வச்சுப் பேர் எடுக்கறப்ப, எல்லாரு முன்னாலயும் சைக்கிளத் தலையில தூக்கிக்கிட்டு ஆபீஸ மூணு சுத்து சுத்தி வரச் சொன்னாரு. ஒங்கம்மாவும் வரிசையில நின்னா. எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு மாசம்."

துண்டை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

"இப்ப தோட்டமே இல்லப்பா. அவரு கிராணி இல்ல, தடி ஊனி நடக்குற கிழவன். ஒங்கள என்ன செஞ்சிட முடியும்?"

"ஒன்னும் செய்ய முடியாதும்மா. தெரியும்."

"தெரிஞ்சா எறங்காதீங்க!"

"சரிம்மா."

மறுநாள் இறங்கினார். அதற்கு மறுநாளும். நான் கெஞ்சினேன், மிரட்டினேன், அம்மா மேல் சத்தியம் வாங்கினேன். ஒவ்வொரு தடவையும் 'சரிம்மா'. ஒவ்வொரு காலையும் இறங்கினார். நேரத்தை மாலைக்கு மாற்றினேன். கிராணிக்கு மாலை நடையும் உண்டு என்று அப்போதுதான் தெரிந்தது. வண்டியை வீட்டுக்குள் ஏற்றி, தாங்கியைப் போட்டு, சக்கரத்தைத் தூக்கி வைத்தேன். தெருவில் அந்தக் கைத்தடிச் சத்தம் கேட்டதும் நகராத சைக்கிளிலிருந்தும் இறங்கினார்! சுவருக்கு அந்தப் பக்கம் போகிற மனிதனுக்காக! கதவைச் சாத்தினேன், ஐந்து நிமிஷத்தில் மூச்சு முட்டுகிறது என்று எழுந்துவிட்டார். காலை நிறுத்தினாலும் ஓடுகிற மாதிரி சாதாரண சக்கரமாக மாற்றிப் பார்த்தேன். இடது கால் தொங்கிப்போய்ச் சங்கிலியில் மாட்டப் பார்த்தது. மறுபடி பழையபடியே பூட்டினேன். கடைசியில் சீட்டில் ஒரு இடுப்பு வார் வைக்கலாமா என்று யோசித்து வரையக்கூடச் செய்தேன். பெற்ற அப்பனைச் சைக்கிளோடு கட்டிப்போட வார் வரைகிறவள் என்ன மகள்? அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன்.

கிளினிக் நர்ஸ், மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம், கட்டைப் பிரித்ததும் பேச்சை நிறுத்தினார். சுண்டுவிரல் கறுத்திருந்தது. டாக்டர் வந்து பார்த்தார். மருந்து போட்டுப் பார்க்கலாம், ஆனால் இதே இடத்தில் இன்னொரு அடி பட்டால் விரலோடு நிற்காது என்றார். அப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஏதோ அடுத்த வீட்டுக்காரர் காலைப் பற்றிப் பேசுகிற மாதிரி.

அன்று மத்தியானம் சதாசிவம் வீட்டுக்குப் போனேன். கேட்டுக்கு உள்ளே நின்று பூச்செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். எண்பத்து நான்கு வயது. சட்டை கசங்காமல் இருந்தது.

"நான் மாயாண்டி மக, அங்கிள்."

"மாயாண்டி மகளா! நல்லா இருக்கியாம்மா? என்ன படிச்ச?"

எனக்கு நாற்பத்தொரு வயது. அதை விட்டுவிட்டேன். அப்பாவின் காலைப் பற்றிச் சொன்னேன், சைக்கிளைப் பற்றிச் சொன்னேன், அவரைப் பார்த்து இறங்குவதைச் சொன்னேன். அவர் தண்ணீரை நிறுத்தாமல் கேட்டார்.

"நான் எறங்கச் சொன்னேனா? இந்தத் தாமானுக்குக் குடிவந்து ஒரு நாளாவது சொல்லியிருக்கேனா?"

"இல்ல."

"பாத்தியா. அது வளர்ந்த முறைம்மா. ஒங்கப்பன் மரியாதை தெரிஞ்சவன். இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு அதெல்லாம் எங்க."

அந்தக் குழாயைப் பிடுங்கி அவர் முகத்தில் பீய்ச்ச வேண்டும்போல் இருந்தது. அவர் தன் மரியாதைக் கதையைச் சொல்கிறார், அங்கே என் அப்பாவின் விரல் கறுத்துக் கிடக்கிறது.

"மரியாதையா? பெரட்டுல அவரு தலையில சைக்கிளத் தூக்கி வச்சீங்களே, அதுவா?"

அவர் உண்மையாகவே யோசித்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மறுத்திருந்தால்கூடச் சண்டை போட்டிருப்பேன்.

"இருக்கலாம்மா. எத்தனையோ பேரு. ஒவ்வொன்னும் ஞாபகம் இருக்குமா? எனக்கு மேல தொரை ஒருத்தன் இருந்தான், அவன் என்னைப் படுத்துன பாடு ஒனக்குத் தெரியாது."

படுத்தியிருப்பான். பொய் இல்லை. ஆனால் அவர் பட்ட பாட்டைக் கேட்க நான் வரவில்லை. வேறு தெருவில் நடங்கள் என்று கேட்டேன். தனக்கும் முட்டி வலி என்றார், அந்த ஒரு ரோடுதான் மேடு பள்ளம் இல்லாதது என்றார். அதிலும் பொய் இல்லை. அதற்கு மேல் கேட்க எனக்கு ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அதைக் கேட்க நாக்கு வரவில்லை. அந்த விரலை நினைத்துக்கொண்டு கேட்டேன்.

"அப்ப நீங்களே அவருகிட்ட சொல்லுங்க, அங்கிள். எறங்க வேணாம்னு நீங்க சொல்லுங்க."

அவர் முகம் மலர்ந்தது. "அதுக்கென்னம்மா, சொல்லிட்டாப் போச்சு," என்றார்.

தேங்க்ஸ் என்றேன். பட்டறைக்கு வந்து, எதற்கும் ஆகாத ஒரு இரும்புத் தகட்டை எடுத்து, கை வலிக்கும்வரை அடித்தேன்.

மறுநாள் காலை கிராணி நடுத்தெருவில் நின்றார். அப்பா சீட்டிலிருந்து பாதி எழும்பியிருந்தார். கைத்தடி மேலே போனது.

"மாயாண்டி! எறங்காத! உக்காரு. இனிமே என்னப் பார்த்து எறங்க வேணாம். நான் சொல்றேன்."

"சரிங்கய்யா," என்றார் அப்பா.

உட்கார்ந்தார். அவரைத் தாண்டி மிதித்துக்கொண்டு போனார். ஒரு சுற்று, இரண்டு சுற்று, ஏழு சுற்று. கடிகாரத்தைப் பார்த்தேன், இருபத்திரண்டு நிமிஷம். சக்கீனா அக்கா கடைக்குள்ளிருந்து கைதட்டினார். எனக்குக் கை எழவில்லை. சத்தியத்துக்கு மசியாத கால், செத்த அம்மாவின் பெயருக்கு மசியாத கால், அந்த ஆள் தடியைத் தூக்கி ஒரு வார்த்தை சொன்னதும் மசிந்துவிட்டது.

இரண்டு மாதத்தில் புண் காய்ந்தது. விரல் பிழைத்தது. டாக்டர் பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சூடு வந்திருக்கிறது, ரத்தம் போகிறது என்றார். மிஸ்ஸி சைக்கிளைப் படம் பிடித்து மற்ற நோயாளிகளுக்குக் காட்டினார். ஆறு பேர் தங்களுக்கும் செய்து தரச் சொல்லியிருக்கிறார்கள். கடைசியாக எதை மாற்றினீர்கள் என்று எல்லோரும் கேட்கிறார்கள். பட்டையை மாற்றினேன் என்று சொல்லிவைக்கிறேன். வேறென்ன சொல்வது, நாலாவது தடவை நான் மாட்டிய உதிரிப்பாகம் ஒரு கிராணியின் உத்தரவு என்றா?

போன வாரம் மழை. வண்டியை முன்கூடத்தில் ஏற்றி, தாங்கியைப் போட்டுவிட்டு, சங்கிலிக்குக் கிரீஸ் தடவிக்கொண்டிருந்தேன். அப்பா சீட்டில் உட்கார்ந்து காத்திருந்தார். அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை.

"நான் எத்தனை தடவ கத்துனேன். கேக்கல. அந்தக் கிழவன் சொன்னதும் கேட்டுக்கிட்டீங்க. நான் யாருப்பா ஒங்களுக்கு?"

கூரையில் மழை கொட்டியது.

"நீ சொன்னப்பவும் கேட்டேன்மா. மனசு கேட்டுச்சு. காலு கேக்கல. அது எறங்கினதுக்கு அப்பொறம்தான் எனக்கே தெரியும், எறங்கிட்டேன்னு."

நான் அடுத்த கண்ணிக்குக் கிரீஸ் தடவினேன். அவர் மறுபடி பேசினார்.

"அவரு தானா வந்து சொல்ற ஆளு இல்ல. நீ போய்க் கேட்டியா?"

"ம்."

"வீட்டுக்கா போன?"

"ஆமாப்பா. காலுக்காக."

"உள்ள வரச் சொன்னாரா?"

கிரீஸ் பிரஷ் கையிலேயே நின்றது. கிராணி வீட்டுக்குப் போன அன்று முழுக்க நான் கோபப்பட்டிருந்தேன். அவர் பேச்சுக்கு, அவர் சிரிப்புக்கு, அவர் மறதிக்கு, எல்லாவற்றுக்கும். கேட் பூட்டியே இருந்தது. கால் மணி நேரம் கம்பிக்கு வெளியே நின்று பேசியிருக்கிறேன். கதவைத் திற என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. அதற்குக் கோபப்படவும் தோன்றவில்லை.

"இல்லப்பா. மத்தியானம் போனேன், கேட்டுக்கு வெளியதான் நின்னேன்."

அப்பா குனிந்து, இடது காலைத் தானே பட்டைக்குள் நுழைத்து, ஒட்டி, இறுக்கினார். ஒரு மிதி மிதித்தார்.

"மத்தியானமா? வெயிலா இருந்திருக்குமேம்மா," என்றார்.